தாமரைக்கு யார் உறவு?

குளத்தில் தாமரை பூக்கிறது. பக்கத்திலேயே அல்லியும் பூக்கிறது. இரண்டுக்கும் வேர் சேற்றில் இருக்கிறது. இரண்டுக்கும் இலை வட்டமானது. இரண்டும் நீண்ட தண்டின் நுனியில் பெரிய பூவைத் தாங்கி நிற்கின்றன. பார்த்தவர்கள் எல்லோரும் இவற்றை அக்காள், தங்கை என்றுதான் சொல்வார்கள்.

படித்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். உலகத்துச் செடிகளுக்கு முறைப்படி பெயர் வைத்தவர், ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ். அவர் 1753-ம் ஆண்டில் வெளியிட்ட நூலில் தாமரையை அல்லி இனத்திலேயே சேர்த்து எழுதினார். பின்னால் வந்தவர்கள் தாமரையைத் தனியாகப் பிரித்தார்கள். ஆனாலும் பெரும்பாலான நூல்களில் அல்லிக்குப் பக்கத்து வீட்டில்தான் அதற்கு இடம் கொடுத்தார்கள்.

இப்போது அந்த உறவு அறுந்து விட்டது. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காகச் சில்வர் ஓக் என்ற மரத்தை வளர்க்கிறார்கள் அல்லவா? ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த அந்த மரம்தான் தாமரைக்கு நெருங்கிய உறவு என்று விஞ்ஞானிகள் கூறுகிறார்கள். காஷ்மீரத்தில் நிற்கும் சினார் மரமும் தாமரைக்குச் சொந்தம். அல்லியின் வம்சமோ 13 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்து போய் விட்டது.

குளத்துப் பூவுக்கு மலை மரம் உறவா? இதை யார் கண்டு பிடித்தார்கள்? எப்படிக் கண்டு பிடித்தார்கள்? இதனால் ஜனங்களுக்கு என்ன லாபம்?

ஏடு காட்டிய வழி

டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஓலைச் சுவடிகளைத் தேடினார். ஒரே நூலுக்குப் பல ஏடுகள் கிடைத்தன. ஒன்றில் இருந்த சொல் இன்னொன்றில் மாறி இருந்தது. எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அவர் நூல்களை அச்சிட்டார்.

ஏட்டைப் பார்த்து ஏடு எழுதும்போது தவறு வருவது சகஜம். "மழை" என்று இருந்ததை ஒருவர் "மலை" என்று எழுதி விட்டார் என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்த ஏட்டைப் பார்த்து எழுதிய எல்லா ஏடுகளிலும் "மலை" என்றே இருக்கும். ஆகவே, ஒரே விதமான மாறுதல்கள் பல இடங்களில் இரண்டு ஏடுகளில் காணப்பட்டால், இரண்டும் ஒரே மூல ஏட்டில் இருந்து வந்தவை என்று சொல்லி விடலாம். மாறுதல்களை எண்ணிப் பார்த்தால், எந்த ஏடு எதற்கு மகன், எந்த ஏடு எதற்குப் பேரன் என்று ஒரு வம்சப் பட்டியலே எழுதலாம்.

செடிகளுக்குள்ளும் ஓர் ஏடு இருக்கிறது. அதன் பெயர் டி.என்.ஏ. இலை எப்படி இருக்க வேண்டும், பூ என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டளைகள் எல்லாம் அதில் எழுதப்பட்டு இருக்கின்றன. அந்த எழுத்தில் மொத்தம் 4 எழுத்துகள்தான். ஒரு கட்டளை எழுதப்பட்ட பகுதிக்கு மரபணு என்று பெயர். தாய்ச் செடியில் இருந்து விதைக்கும், விதையில் இருந்து அடுத்த தலைமுறைக்கும் இந்த ஏடு பெயர்த்து எழுதப்படுகிறது. எப்போதாவது ஓர் எழுத்து மாறி விடுகிறது. அந்த மாறுதல் பிறகு பரம்பரையாக வருகிறது.

சாமிநாதையர் ஏடுகளை ஒப்பிட்டது போல, விஞ்ஞானிகள் செடிகளின் மரபணுக்களை எழுத்து எழுத்தாகப் படித்து ஒப்பிடுகிறார்கள். எந்தச் செடிக்கும் எந்தச் செடிக்கும் ஒரே மாறுதல்கள் இருக்கின்றன என்று பார்த்து உறவு சொல்கிறார்கள்.

முகம் பார்த்தால் போதாதா?

அல்லியும் தாமரையும் ஒன்று போல இருப்பதற்குக் காரணம், இரண்டும் பிழைக்கும் இடம் ஒன்று. தண்ணீரில் வாழும் செடிக்கு அகன்ற இலை வேண்டும். காற்றுப் போக வர தண்டுக்குள் குழாய்கள் வேண்டும். இரண்டு வம்சங்களும் தனித்தனியே இந்த வசதிகளைத் தேடிக் கொண்டன. ஒரே தொழில் செய்கிறவர்கள் ஒரே மாதிரி உடை உடுத்தி இருப்பார்கள். அதனால் அவர்கள் அண்ணன் தம்பி ஆகி விட மாட்டார்கள். இதுவும் அப்படித்தான்.

உடை வேறாக இருந்தும் உறவாக இருப்பவர்களும் உண்டு. வீட்டுக் கொல்லையில் முருங்கை நிற்கிறது. அதன் அருகில் பப்பாளி நிற்கிறது. ஒன்றில் காய் தடி போலத் தொங்குகிறது. இன்னொன்றில் பழம் குடம் போலத் தொங்குகிறது. இலையிலும் ஒற்றுமை இல்லை. பழைய நூல்கள் பப்பாளியைக் கொண்டு போய்த் தாட்பூட் பழக் கொடியின் அருகில் வைத்தன. மரபணு வேறு தீர்ப்புக் கூறி விட்டது. முருங்கையும் பப்பாளியும் மிக நெருங்கிய உறவு. கடுகும் முட்டைக்கோசும் அதே பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவை.

இதற்கு நாக்கிலேயே ஓர் அத்தாட்சி இருக்கிறது. பப்பாளி விதையைக் கடித்தால் கடுகைப் போலக் காரம் தட்டும். முருங்கை வேரிலும் அதே காரம் உண்டு. இந்தக் காரத்தைக் கொடுக்கும் ரசாயனப் பொருள் ஒரே வகையைச் சேர்ந்தது. சில நிபுணர்கள் இதை வைத்து முன்பே சந்தேகப்பட்டார்கள். மரபணு அதை ஊர்ஜிதம் செய்தது.

இன்னொரு விந்தை, ரஃப்லேசியா. உலகத்திலேயே பெரிய பூ இதுதான். தென்கிழக்கு ஆசியக் காடுகளில் பூக்கிறது. ஒரு பூ சுமார் 3 அடி அகலம் கூட இருக்கும். இதற்கு இலை இல்லை, தண்டும் இல்லை. வேறு ஒரு கொடிக்குள் ஒட்டுண்ணியாக வாழ்கிறது. இலை இல்லாத செடிக்கு எந்த முகத்தைப் பார்த்து உறவு சொல்வது? 2007-ம் ஆண்டில் அதன் மரபணுக்களைப் படித்து விடை கண்டார்கள். சின்னஞ்சிறு பூப் பூக்கும் ஆமணக்கின் குடும்பத்து வழியில் வந்ததாம் இந்த ராட்சதப் பூ!

42 பேர் செய்த ஆராய்ச்சி

இந்த வேலை பெரிய அளவில் தொடங்கியது 1993-ம் ஆண்டில். கரியமில வாயுவைப் பிடித்து உணவாக்குவதற்கு எல்லாப் பச்சைச் செடிகளிலும் ஒரு மரபணு இருக்கிறது. 42 விஞ்ஞானிகள் கூட்டாகச் சேர்ந்து, சுமார் 500 செடிகளில் அந்த ஒரு மரபணுவைப் படித்து ஒப்பிட்டார்கள். தாமரை அல்லியை விட்டு விலகிச் சினாருக்கும் சில்வர் ஓக்குக்கும் அருகில் போய் நின்றது அந்தப் பட்டியலில்தான். 1998-ல் பல நாட்டு நிபுணர்கள் கூடி, பூக்கும் செடிகளுக்கு மரபணுவின்படி புதிய வரிசை வகுத்தார்கள். அந்த வரிசை 2003, 2009, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தி அமைக்கப்பட்டது.

இடையில் 1999-ல் ஒரு முக்கியமான செய்தி வந்தது. பசிபிக் மகா சமுத்திரத்தில் நியூ கலிடோனியா என்ற தீவு இருக்கிறது. அங்கே அம்போரெல்லா என்ற சாதாரணப் புதர்ச் செடி வளர்கிறது. உலகத்தில் இன்று உயிரோடு இருக்கும் பூச்செடிகளில், மற்ற எல்லாவற்றையும் விட்டு முதலில் பிரிந்து போன வம்சம் அதுதான் என்று பல குழுக்கள் தனித்தனியே ஆராய்ந்து கூறின. அந்த வம்சத்தில் இன்று மிஞ்சி இருப்பது அந்த ஒரே இனம். அடுத்துப் பிரிந்து போனவர்களில் அல்லி வம்சம் ஒன்று.

2024-ல் வந்த பெரிய பட்டியல்

ஒரு மரபணுவைப் பார்ப்பது ஒரே சாட்சியை வைத்து வழக்கைத் தீர்ப்பது போல. ஆகவே, சாட்சிகளை அதிகமாக்க வேண்டும் என்று லண்டனில் உள்ள கியூ தாவரத் தோட்டத்தின் விஞ்ஞானிகள் முடிவு செய்தார்கள். ஒவ்வொரு செடியிலும் 353 மரபணுக்களைப் படிப்பது என்று திட்டம் போட்டார்கள். பல நாடுகளைச் சேர்ந்த 279 விஞ்ஞானிகள் இதில் ஈடுபட்டார்கள்.

2024-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் முடிவு வெளியாயிற்று. 9,500-க்கு மேற்பட்ட செடி இனங்களின் உறவை ஒரே மரமாக வரைந்து இருந்தார்கள். அவர்கள் படித்த எழுத்துகள் 180 கோடி. ஒரே ஒரு கம்ப்யூட்டரிடம் இந்த வேலையைக் கொடுத்து இருந்தால் 18 ஆண்டுகள் பிடித்து இருக்குமாம். நெருங்கிய இனங்களைச் சேர்த்துப் பேரினம் என்கிறார்கள். பூச்செடிப் பேரினங்களில் நூற்றுக்கு சுமார் 60 இந்த மரத்தில் இடம் பெற்று விட்டன. உலகத்தில் யார் வேண்டுமானாலும் காசு இல்லாமல் பார்க்கலாம் என்று எல்லாத் தகவலையும் இன்டர்நெட்டில் வைத்து விட்டார்கள்.

டார்வின் என்ற மேதை 1879-ம் ஆண்டில், அப்போது கியூ தோட்டத்தின் தலைவராக இருந்த நண்பர் ஹூக்கருக்கு ஒரு கடிதம் எழுதினார். பூச்செடிகள் பூமியில் திடீரென்று ஏராளமாகத் தோன்றியது போலக் காணப்படுவது எப்படி என்று புரியாமல் அதில் அவர் மனம் நொந்து இருந்தார். உயிர்கள் மெல்ல மெல்ல மாறுகின்றன என்பது அவருடைய கொள்கை. பாறைகளில் கிடைத்த பூச்செடிகளோ ஒரேயடியாகக் கூட்டமாக வந்து நின்றன.

2024-ம் ஆண்டின் பட்டியல் இதற்கு வெளிச்சம் காட்டுகிறது. 14 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பூச்செடிகள் தோன்றின. தோன்றிய சில காலத்துக்குள்ளேயே அவை பல கிளைகளாக வேகமாகப் பிரிந்தன. இன்று உள்ள பெரிய பிரிவுகளில் நூற்றுக்கு 80-க்கும் மேற்பட்டவை அந்த முதல் வேகத்தில் பிறந்தவை. பிறகு வேகம் குறைந்தது. சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பூமி குளிர்ந்து கொண்டு இருந்த காலத்தில், மீண்டும் வேகம் பிடித்தது.

எல்லாம் தீர்ந்து விட்டது என்று சொல்ல முடியாது. 353 சாட்சிகளும் ஒரே கதையைச் சொல்வது இல்லை. சில இடங்களில் ஒரு மரபணு சொல்வதை இன்னொன்று மறுக்கிறது. மிக வேகமாகக் கிளை பிரிந்த இடங்களிலும், இரண்டு வம்சங்கள் கலப்பு மணம் செய்து கொண்ட இடங்களிலும் இந்தக் குழப்பம் வருகிறது. அங்கெல்லாம் ஆராய்ச்சி நடந்து கொண்டு இருக்கிறது.

செத்த இலை பேசுகிறது

9,500 செடிகளையும் தேடி விஞ்ஞானிகள் காடு மேடெல்லாம் அலைந்தார்களா? இல்லை. ஆயிரக் கணக்கான இலைகள் அலமாரியில் இருந்து வந்தவை.

செடியைப் பறித்துக் காகிதத்துக்கு நடுவே வைத்து அழுத்தி உலர்த்துவார்கள். பிறகு தடித்த தாளில் ஒட்டி, எந்த ஊரில், எந்தத் தேதியில், யார் பறித்தது என்று எழுதி வைப்பார்கள். இப்படிச் சேர்த்து வைக்கும் இடத்துக்கு உலர் தாவரக் காப்பகம் என்று பெயர். கியூ தோட்டத்தில் மட்டும் சுமார் 70 லட்சம் தாள்கள் இருக்கின்றன.

காய்ந்த இலையில் டி.என்.ஏ. துண்டு துண்டாக உடைந்து கிடக்கும். ஆனால் அழிந்து விடுவது இல்லை. வேண்டிய மரபணுவின் துண்டுகளை மட்டும் தூண்டில் போட்டு மீன் பிடிப்பது போலப் பிடித்து எடுக்கும் முறையை இப்போது கண்டு பிடித்து இருக்கிறார்கள். நேபாளத்தில் சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு பறித்த ஒரு சிறு செடியின் எழுத்துகளைக் கூட அப்படிப் படித்து விட்டார்கள்.

மெக்சிகோ நாட்டைச் சேர்ந்த குவாடலூப் என்ற தீவில் ஆலிவ் குடும்பத்து மரம் ஒன்று இருந்தது. அங்கே கொண்டு வந்து விடப்பட்ட ஆடுகள் பெருகித் தீவின் பசுமையைத் தின்று தீர்த்தன. 1875-ல் ஒருவர் அந்த மரத்தின் கிளையைப் பறித்து உலர்த்தி வைத்தார். அதற்குப் பிறகு அதை உயிரோடு பார்த்தவர் எவரும் இல்லை. மரம் மறைந்து சுமார் 150 ஆண்டுகள் ஆன பிறகு, அதன் காய்ந்த இலை பேசியது. 2024-ம் ஆண்டின் வம்சப் பட்டியலில் அந்த மரத்துக்கும் இடம் கிடைத்தது.

தென்னையை வைத்தவன் தின்று விட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்து விட்டுச் சாவான் என்று பழமொழி சொல்வார்கள். 1875-ல் அந்தக் கிளையைப் பறித்தவருக்கு மரபணு என்ற வார்த்தையே தெரியாது. அவர் வைத்த பனை இப்போது காய்த்து இருக்கிறது.

சோற்றுக்கும் சம்பந்தம் உண்டு

பூவுக்குப் பூ உறவு தேடுவதால் வயிறு நிறையுமா என்று சிலர் கேட்கலாம். நெல்லின் கதை அதற்குப் பதில் சொல்லும்.

1970-ம் ஆண்டுகளில் ஆசிய நாடுகளின் வயல்களில் ஒரு நோய் பரவியது. புகையான் பூச்சி கொண்டு வரும் நோய் இது. பயிர் குட்டையாகிப் புல் போல ஆகி விடும். நெல் பிடிக்காது. பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 6,000-க்கு மேற்பட்ட நெல் வகைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். எதுவும் தாங்கவில்லை. உத்தரப் பிரதேசத்தில் இருந்து கொண்டு போயிருந்த ஒரே ஒரு காட்டு நெல் மட்டும் தாங்கி நின்றது. அதனோடு கலந்து புதிய ரகங்களை உருவாக்கினார்கள். அவற்றில் ஒன்றுதான் 1976-ல் வெளியான ஐ.ஆர். 36. பிறகு அது பல நாடுகளில் கோடிக் கணக்கான ஜனங்களுக்குச் சோறு போட்டது.

காட்டு நெல் உதவியதற்குக் காரணம், அது நெல்லுக்கு நெருங்கிய உறவு. தூரத்துப் புல் எதையும் நெல்லோடு இப்படிக் கலக்க முடியாது. ஆபத்து வந்தால் எந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்திருப்பது அவசியம். அந்த முகவரியைக் கொடுப்பதுதான் உறவுப் பட்டியல்.

மருந்திலும் இப்படியே. நினைவு தவறிப் போகும் முதுமை நோய்க்குக் கொடுக்கும் காலன்டமின் என்ற மருந்து, முதலில் ஸ்னோடிராப் என்ற சிறு பூச்செடியின் கிழங்கில் கிடைத்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த டாஃபடில் செடியிலும் அது இருக்கிறது. பின்னால் மருந்துக்காக டாஃபடிலையே வயல் வயலாகப் பயிர் செய்தார்கள்.

அலமாரிக்கு வந்த ஆபத்து

இவ்வளவு உபயோகம் தெரிந்த நேரத்தில் இரண்டு ஆபத்துகள் வந்து இருக்கின்றன.

முதல் ஆபத்து காட்டில். உலகத்தில் பூக்கும் செடி இனங்கள் சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம் இருக்கின்றன. அவற்றில் நூற்றுக்கு 45 அழிந்து போகும் அபாயத்தில் இருக்கலாம் என்று கியூ தோட்டம் 2023-ல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிடுகிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காப்பாற்றப் பணம் போதாது. எதை முதலில் காப்பாற்றுவது? இங்கேயும் உறவுப் பட்டியல் உதவுகிறது. பத்துச் சகோதரர்கள் உள்ள குடும்பத்தில் ஒருவர் போனாலும் வம்சம் நிற்கும். அம்போரெல்லாவைப் போல ஒற்றைப் பிள்ளை போனால் வம்சமே போய் விடும்.

இரண்டாவது ஆபத்து அலமாரியில். அமெரிக்காவில் டியூக் பல்கலைக் கழகம் என்ற பிரபலமான கல்வி நிலையம் இருக்கிறது. அங்கே சுமார் 8 லட்சத்து 25 ஆயிரம் உலர்ந்த செடிகள் சேர்த்து வைக்கப்பட்டு இருந்தன. 100 ஆண்டுகளாகச் சேர்ந்த செல்வம் அது. 2024-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், காப்பகத்தை மூடி விட்டுச் செடிகளை வேறு இடங்களுக்குக் கொடுத்து விடப் போவதாகப் பல்கலைக் கழகம் அறிவித்தது. நல்ல முறையில் பாதுகாக்க அதிகப் பணம் வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பல நாட்டு விஞ்ஞானிகள் ஆட்சேபம் தெரிவித்தார்கள்.

அறிவிப்பு வந்தது பிப்ரவரியில். காய்ந்த இலைகளின் மகிமையை உலகத்துக்குக் காட்டிய பெரிய பட்டியல் வந்தது ஏப்ரலில். நடுவில் இரண்டே மாதம்! காப்பகத்தின் செலவு ஒவ்வொரு ஆண்டும் கணக்கில் வருகிறது. அதன் லாபமோ 150 ஆண்டுகள் கழித்து வருகிறது. ஆகவே, செலவைக் குறைக்க நினைப்பவர்களின் கண்ணில் முதலில் படுவது இந்த அலமாரிதான்.

தமிழ்நாட்டு அலமாரிகள்

தமிழ்நாட்டிலும் இந்தச் செல்வம் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் இங்கே பல ஆண்டுகள் தங்கி ஏராளமான செடிகளைச் சேகரித்தார். அவற்றில் பெரும் பகுதி கியூ தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பழைய சென்னை ராஜதானி முழுவதிலும் இருந்து திரட்டப்பட்ட லட்சக் கணக்கான உலர் செடிகள் இன்றும் கோயம்புத்தூரில், இந்தியத் தாவர ஆய்வு நிலையத்தின் தென் மண்டலக் காப்பகத்தில் இருக்கின்றன. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-ல் தொடங்கிய ராபினாட் காப்பகமும் இருக்கிறது.

இந்தத் தாள்களில் சில, இன்று வீடுகளும் சாலைகளும் ஆகி விட்ட இடங்களில் பறித்தவை. அந்த இடத்தில் என்ன செடி முளைத்தது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. பூச்சி அரிக்காமலும், ஈரம் படாமலும், நெருப்பு அண்டாமலும் காத்து வைத்தால்தான் அந்தச் சாட்சி பேசும். அதற்கு ஆள் வேண்டும். ஆண்டு தோறும் பணம் வேண்டும். செடியைப் பார்த்துப் பெயர் சொல்லக் கற்றுக் கொண்ட மாணவர்கள் வேண்டும்.

தாமரையின் உண்மையான உறவைக் கண்டு பிடிக்க, லின்னேயஸ் காலத்தில் இருந்து 240 ஆண்டுகள் ஆயின. அடுத்த நோய் எந்தப் பயிருக்கு வரும் என்று எவருக்கும் தெரியாது. அது வரும் நாளில் உறவைத் தேடிப் புறப்படுகிறவர்கள் முதலில் வந்து நிற்கப் போகும் இடம் இந்த அலமாரிகள்தான். அதுவரை அவற்றைப் பத்திரமாக வைத்து இருப்பது அரசாங்கத்தின் பொறுப்பு. அது நடக்கிறதா என்று கேட்பது ஜனங்களின் பொறுப்பு.